ரிட்டயர் ஆனவர்களின் வரலாற்று வட்டம்: மதுரையில் புதிதாகச் சேர்பவருக்கு

மதுரைப் பக்கம் ஓய்வு பெற்றவர்கள் கூடி ஊர் வரலாறு பேசும் வட்டத்தில் சேர எந்தத் தகுதியும் வேண்டாம். கல்வெட்டு படிக்கத் தெரிந்திருக்க வேண்டாம், சங்கப்பாட்டு மனப்பாடமாக இருக்க வேண்டாம், மலை ஏறவும் வேண்டாம். மாதத்தில் ஒரு மாலையும் ஒரு காலைப்பொழுதும் ஒதுக்க முடிந்தால் போதும். அதோடு ஒரு பழக்கம் வேண்டும். யார் எதைச் சொன்னாலும், "சார், இது எந்தக் கல்லுல இருக்கு? எந்தத் தாள்ல இருக்கு?" என்று கேட்கிற பழக்கம். மாலையும் காலையும் எளிதில் கிடைத்துவிடும். இந்தக் கேள்வி வாயில் வரத்தான் நாளாகும்.

கீழே உள்ளது அப்படி ஒரு வட்டத்துக்குள் முதன்முறை நுழைகிறவருக்கான வழி. பக்கத்தில் வட்டமே இல்லாதவர்களுக்கும் கடைசியில் கொஞ்சம் சொல்லியிருக்கிறேன்.

முதல் இரண்டு கூட்டம்: கேட்க மட்டும்

பேச்சுக்கூட்டம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் நடக்கும். மாலை ஐந்து, ஐந்தரைக்குத் தொடங்கும். ஒருவர் முக்கால் மணி நேரம் பேசுவார். பிறகு டீ, வடை, கேள்விகள். டீ நேரத்தில்தான் பாதி வரலாறு வெளியே வரும். அதனால் டீ முடிந்ததும் கிளம்பிவிடாதீர்கள்.

புதியவர் செய்ய வேண்டிய முதல் வேலை, பழைய பதவியை வாசலில் கழற்றி வைப்பது. முப்பது வருடம் சூப்பரின்டென்டென்ட்டாக இருந்தவருக்கு எதிர் இருக்கையில் இருப்பவரைக் கீழ்ப்பணியாளராகப் பார்க்கும் பழக்கம் சீக்கிரம் போகாது. வட்டத்தில் எல்லோரும் சார், இல்லையென்றால் அண்ணன், அக்கா. ரிட்டயர்டு தாசில்தாரைவிட ரிட்டயர்டு தலையாரிக்கு ஒரு கிராமத்தின் கண்மாயும் மடையும் கூடுதலாகத் தெரிந்திருக்கும். அவர் பேசும்போது குறுக்கிடாமல் இருப்பது மரியாதைக்காக மட்டுமல்ல. அவர் ஒருமுறை வாயை மூடிக்கொண்டால் மறுபடி திறக்க மாட்டார்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். மதுரையில் வரலாறு பேச உட்கார்ந்தால் 'அந்த மன்னர் எங்க ஆளுங்க' என்ற பேச்சு எப்படியும் தலைகாட்டும். அது தொடங்கினால் அன்றைய கூட்டம் முடிந்தது. நல்ல வட்டங்களில் இதற்கு எழுதாத தடை இருக்கிறது. நீங்கள் சேரப் போகிற இடத்தில் அந்தத் தடை இல்லை என்று தெரிந்தால், அங்கே நேரம் செலவிடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

என்ன தலைப்புகள் எடுபடும்? நாயக்கர் காலமும் பாண்டியர் காலமும் எப்போதும் ஓடும். ஆனால் கூட்டம் நிமிர்ந்து உட்காருவது, உறுப்பினர்களின் அப்பா தாத்தா காலத்தைத் தொடும் தலைப்புகளுக்குத்தான். 1921 செப்டம்பர் 22 அன்று மேலமாசி வீதி வீட்டில் காந்தி அரையாடைக்கு மாறியது. 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர் தலைமையில், அதுவரை அனுமதி மறுக்கப்பட்டிருந்த கக்கன் உள்ளிட்டோர் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தது. 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூரில் குற்றப் பரம்பரைச் சட்டத்தை எதிர்த்தவர்கள் மீது நடந்த துப்பாக்கிச் சூடு. 1895-இல் முல்லைப் பெரியாற்று அணை வந்த பிறகு மேலூர்ப் பக்கம் விவசாயம் மாறிய விதம். இவற்றில் ஏதாவது ஒன்றைப் பற்றி உங்கள் வீட்டில் ஒரு வாய்மொழிச் செய்தி இருக்கலாம். அதைக் கூட்டத்தில் சொல்லும்போது, 'எங்க ஆத்தா சொன்னது' என்று தொடங்கிச் சொல்லுங்கள். எங்கிருந்து வந்தது என்று சேர்த்துச் சொன்னால் வாய்மொழியும் சான்றுதான்.

அடுத்து: கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

புதியவர்களில் பலர் 'எனக்கு ஒன்றும் தெரியாது' என்றுதான் வருகிறார்கள். நீங்கள் பார்த்த வேலையே ஒரு சான்றுப் பெட்டி. அதைத் திறக்கிற வேலையை இரண்டாவது மாதத்தில் தொடங்கலாம்.

நில அளவைத் துறையில் இருந்தவர் புலப்படம் படிப்பார். கல்வெட்டில் ஒரு நிலத்தின் நான்கெல்லையைச் சொல்லியிருந்தால், தரையில் அது எங்கே வரும் என்று ஓரளவு யூகித்துக் காட்ட அவரால்தான் முடியும். பத்திரப்பதிவு அலுவலகத்தில் இருந்தவருக்குப் பழைய கையெழுத்து பழகிப்போயிருக்கும். பஞ்சாலையில் இருந்தவருக்கு, 1892-இல் தொடங்கிய மதுரா மில்ஸின் சங்கு ஊரின் நேரத்தை எப்படி நடத்தியது என்று தெரியும். அந்த ஆலையை ஹார்வி மில் என்றே இன்னும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். ராஜாஜி மருத்துவமனையில் நர்ஸாக இருந்த அக்காவுக்கு, எர்ஸ்கின் ஆஸ்பத்திரி என்று அதைச் சொன்ன தலைமுறையின் பழக்கவழக்கங்கள் நினைவிருக்கும். திருமலை நாயக்கர் மகாலுக்குள் மாவட்ட நீதிமன்றம் நடந்திருக்கிறது என்பது இன்று டிக்கெட் வாங்கி உள்ளே போகிற பிள்ளைகளுக்குத் தெரியாது. அந்தத் தூண்களுக்கு நடுவே கட்டுகளைச் சுமந்த குமாஸ்தா யாராவது உங்கள் தெருவில் இருக்கக்கூடும்.

எல்லாரையும்விட அவசரமானவர்கள் பழைய கர்ணங்கள், அதாவது ஊர்க் கணக்கர்கள். பரம்பரைக் கிராம அதிகாரிகளின் பதவிகள் 1980-இல் ஒழிக்கப்பட்டன. அப்போது இளைஞராக இருந்த கர்ணத்துக்கும் இன்று எழுபது தாண்டியிருக்கும். மா என்றால் இருபதில் ஒன்று, காணி என்றால் எண்பதில் ஒன்று, முந்திரி என்றால் முந்நூற்றிருபதில் ஒன்று என்று யோசிக்காமல் கணக்குப் போடுகிற கை அவர்களுடையது. பாண்டியர் கல்வெட்டில் நில அளவு வரும் இடத்தில் நாம் தடுமாறுவோம். அவர் நேராகக் கடந்து போவார்.

வீட்டிலிருந்து ஒரு பொருளும் கொண்டு வாருங்கள். பழைய கல்யாணப் பத்திரிகை மிக நல்ல தொடக்கம். ஊர்ப் பெயர், உறவுமுறை, தொழில், மண்டபம், அச்சகம் எல்லாம் ஒரே தாளில் இருக்கும். குடும்பப் படம் என்றால் பின்பக்கம் பென்சிலால், யார், எங்கே, ஏறத்தாழ எந்த வருடம் என்று எழுதிவிடுங்கள். பால்பாயின்ட் பேனா வேண்டாம். அழுத்தம் முன்பக்கம் தெரியும், மையும் ஊறும். வீட்டில் ஓலைச்சுவடி இருந்தால் அதைத் துடைக்கவோ எண்ணெய் தடவவோ முயல வேண்டாம். வட்டத்தில் சொல்லுங்கள், சுவடி பராமரிக்கப் பயிற்சி பெற்றவரிடம் காட்டிய பிறகு கை வைக்கலாம்.

எழுத்து கற்றுக்கொள்வது

இதில் பயம் அதிகம், காரணம் குறைவு. தமிழி (தமிழ் பிராமி என்றும் சொல்வார்கள்) என்பது மிகப் பழைய தமிழ்க் கல்வெட்டுகளின் எழுத்து. அதில் இருப்பதும் நம் மொழிதான், எழுத்து வடிவம் மட்டும் வேறு. தினம் அரை மணி நேரம் ஒரு நோட்டில் எழுதிப் பழகினால், சில வாரங்களில் தனி எழுத்துகள் பிடிபடும். முதலில் உங்கள் பெயரை எழுதுங்கள், பிறகு பேரன் பேத்தி பெயர்களை. பேரப்பிள்ளைகளுக்கு இது ரகசிய எழுத்தாகத் தெரியும்; உங்களைவிட வேகமாகக் கற்றுக்கொண்டு உங்களையே திருத்துவார்கள்.

அதற்கடுத்து வட்டெழுத்து, வளைந்த வடிவங்கள் கொண்ட இன்னொரு பழைய எழுத்து. மதுரைப் பக்கத்து முற்காலப் பாண்டியர் கல்வெட்டுகளும் சமணச் சிற்பங்களின் கீழ் உள்ள பெயர்களும் பெரும்பாலும் இதில்தான் இருக்கின்றன. இதற்கு மாதக்கணக்கு ஆகும். பிற்காலத் தமிழ்க் கல்வெட்டுகள் இன்றைய எழுத்துக்கு நெருக்கம். ஆனால் மூன்று இடங்களில் கண் ஏமாறும். மெய்யெழுத்துக்குப் புள்ளி பெரும்பாலும் இருக்காது. எகரமும் ஏகாரமும் ஒன்றுபோல இருக்கும், ஒகரமும் ஓகாரமும் அப்படியே. ரகரமும் துணைக்காலும் ஒரே கோடாகத் தெரியும். இந்த மூன்றையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

கோயில் கல்வெட்டின் அமைப்பு தெரிந்தால் மீதிக் குழப்பமும் குறையும். மங்கலச் சொல்லில் தொடங்கும். அரசர் பெயரும் ஆட்சியாண்டும் வரும், சிலவற்றில் முன்னால், அரசரின் வெற்றிகளைப் புகழும் நீண்ட மெய்க்கீர்த்தியும் இருக்கும். பிறகு நாடு, ஊர், கொடுத்தவர், கொடுத்த பொருள், எதற்காக. கடைசியில், இதை அழித்தவன் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்பது போல ஒரு எச்சரிக்கை. பத்திரம் படித்துப் பழகிய கண்ணுக்கு இது புதிதாக இராது. ஆண்டுக் கணக்குக்கு இரண்டு எண்களை மனப்பாடம் செய்யுங்கள்: சக ஆண்டோடு 78-ஐக் கூட்டினால் கி.பி.; கலியாண்டில் 3101-ஐக் கழித்தால் கி.பி. மாதத்தைப் பொறுத்து ஒரு வருடம் முன்பின் ஆகும்.

கழித்துப் பார்க்க ஒரு நல்ல கல் ஒத்தக்கடையை ஒட்டி ஆனைமலையில், நரசிங்கத்துக் குடைவரையில் (பாறையைக் குடைந்து எடுத்த கோயிலில்) இருக்கிறது. கலி 3871, அதாவது கி.பி. 770. பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சர் மாறன்காரி இந்தக் கற்கோயிலைக் குடையத் தொடங்கினார். குடமுழுக்குக்கு முன்பே காலமானார். அவருடைய தம்பி மாறன் எயினன் அதே பதவிக்கு வந்து, முகமண்டபம் எடுத்து, வேலையை முடித்தார். இதைச் சொன்னதும் கூட்டத்தில் யாராவது ஒருவர், "அப்பவே வாரிசு வேலையா?" என்று கேட்காமல் விடுவதில்லை. அந்தச் சிரிப்புக்குப் பிறகு கி.பி. 770 என்ற எண் யாருக்கும் மறப்பதும் இல்லை.

வெளியே போவது: முழங்கால் சொல்லும் வரிசையில்

புதியவர்கள் எங்கே முதலில் போகலாம் என்று கேட்டால், புகழை வைத்து வரிசை போடாதீர்கள், முழங்காலை வைத்துப் போடுங்கள்.

ஏற்றமே இல்லாதவை முதலில். விளக்குத்தூணில் தொடங்கி, பத்துத்தூண் சந்து வழியாகத் திருமலை நாயக்கர் மகால் வரை ஒரு காலை நடை. விளக்குத்தூண் கலெக்டர் பிளாக்பர்ன் நினைவாக நிறுத்தப்பட்டது. அவர் காலத்தில்தான் மதுரைக் கோட்டை மதில் இடிக்கப்பட்டு, அகழி தூர்க்கப்பட்டு, வெளி வீதிகள் வந்தன. அந்த வேலையைப் பார்த்தவர்கள் பெயரில்தான் மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் இருக்கின்றன. அங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்கே இது தெரியாமல் இருப்பதைப் பார்க்கலாம். பத்துத்தூண், நாயக்கர் அரண்மனை எவ்வளவு தூரம் பரந்திருந்தது என்பதை நின்று காட்டும். கடைகளுக்கு நடுவே இருப்பதால் காலை ஒன்பதுக்குள் பார்த்துவிட வேண்டும், பிறகு துணி மூட்டைகள்தான் தெரியும். 1636-இல் கட்டப்பட்ட மகாலில் இன்று நிற்பது ஒரு பகுதி மட்டுமே என்பது, பத்துத்தூணைப் பார்த்துவிட்டு உள்ளே போகிறவருக்கு யாரும் சொல்லாமலே புரியும்.

தமுக்கம் பக்கத்துக் காந்தி நினைவு அருங்காட்சியகமும் சமதரை. ராணி மங்கம்மாள் அரண்மனையாக இருந்த கட்டடம், 1959-இல் நேரு திறந்து வைத்தார். அரசு அருங்காட்சியகமும் அதே வளாகத்தில் இருக்கிறது. உட்கார இடமும் நிழலும் இருப்பதால், நடக்க முடியாத உறுப்பினரையும் சக்கர நாற்காலியில் அழைத்துப் போகலாம்.

மதுரைக்குத் தென்கிழக்கே ஏறக்குறைய 12 கி.மீ. தூரத்தில், சிவகங்கை மாவட்ட எல்லைக்குள் கீழடி. 2014–15-இல் இந்தியத் தொல்லியல் துறை அகழாய்வைத் தொடங்கியது. நான்காம் கட்டத்திலிருந்து தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை நடத்துகிறது. அருங்காட்சியகம் 2023 மார்ச்சில் திறக்கப்பட்டது. போவதற்கு முன் ஒரு பேச்சுக்கூட்டம் அவசியம் நடத்துங்கள். ஏனென்றால் கீழடி பற்றி எல்லோர் செல்போனிலும் ஏதோ ஒரு ஃபார்வர்டு இருக்கும், ஒவ்வொன்றிலும் ஒரு வயது இருக்கும். 2019-இல் வெளியான அறிக்கையில் உள்ளது இதுதான்: ஆய்வகத்துக்கு அனுப்பிய மாதிரிகளில் ஒன்று, 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்தது, கி.மு. 580 என்று காலக்கணிப்பு பெற்றது. எந்த ஆழம், எந்த மாதிரி, எந்த ஆண்டு என்று மூன்றையும் சேர்த்துச் சொல்லப் பழகுங்கள். பானையோட்டில் கீறிய பெயர்களை நின்று எழுத்துக்கூட்டிப் படிக்கும்போது, நோட்டில் பழகிய எழுத்துகளுக்குப் பலன் தெரியும்.

இரண்டாம் வரிசை, கொஞ்சம் படி ஏற்றம். மேலே சொன்ன நரசிங்கத்துக் குடைவரை கிட்டத்தட்டத் தரைமட்டம். அருகே முருகனுக்கான லாடன் குடைவரையும் இருக்கிறது. ஆனைமலையின் மேலே உள்ள சமணச் சிற்பங்களுக்குப் படி அதிகம், முடிந்தவர்கள் மட்டும் போகலாம். தென்பரங்குன்றத்து உமையாண்டார் குடைவரையும், மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டிச் சிவன் குடைவரையும் இந்த வரிசையில் சேரும். அரிட்டாபட்டியும் அடுத்துள்ள மீனாட்சிபுரமும் 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டவை. அங்கே கல்லைப் பார்க்கிற கூட்டமும் பறவை பார்க்கிற கூட்டமும் ஒரே வேனில் போகலாம், சண்டை வராது.

கீழக்குயில்குடிச் சமணர் மலையை இந்த வரிசைக்கும் அடுத்ததற்கும் நடுவே வைக்கலாம். அந்த மலையில் செட்டிப்புடவு என்ற குகைக்கு ஏற்றம் குறைவு. பேச்சிப்பள்ளம் என்ற இடத்துக்குப் பாறையில் வெட்டிய படிகளில் ஏற வேண்டும். மேலே போனால் சுனையை ஒட்டிய பாறையில் வரிசையாகத் தீர்த்தங்கரர் உருவங்கள், கீழே வட்டெழுத்தில் செய்வித்தவர் பெயர்கள். ஏற முடியாதவர்கள் அடிவாரத்து அய்யனார் கோயிலுக்கு முன்னால் ஆலமரத்தடியிலும் தாமரைக்குளத்துக் கரையிலும் இருந்துகொள்ளலாம். மதுரையைச் சுற்றி, ஏறியவரும் ஏறாதவரும் இருவருமே திருப்தியாகத் திரும்பக்கூடிய இடம் இதைப்போல வேறில்லை என்பது என் எண்ணம். முதல் மலைப்பயணத்தை இங்கேதான் வைக்கச் சொல்வேன்.

மூன்றாம் வரிசை கடினம்: மாங்குளம், கிடாரிப்பட்டி அழகர்மலைக் குகை. 1882-இல் ராபர்ட் சீவல் கண்டறிந்த மாங்குளத்துக் கல்வெட்டுகள், தமிழிக் கல்வெட்டுகளில் மிகப் பழையவற்றுள் வைக்கப்படுபவை. கணிநந்தன் என்ற துறவிக்கு, நெடுஞ்செழியனின் அலுவலர் கடலன் வழுதி பள்ளி (துறவிகள் தங்கும் இடம்) அமைத்துக் கொடுத்தார் என்கிறது ஒன்று. கிடாரிப்பட்டியில் மன்னர்கள் இல்லை. உப்பு வணிகன், கொழு வணிகன், அறுவை வணிகன், மதுரைப் பொற்கொல்லன் என்று கடைவீதியே வந்து காணிக்கை எழுதிவிட்டுப் போயிருக்கிறது. கொழு என்றால் ஏர்க்கொழு, அறுவை என்றால் துணி. இரண்டு மலைக்கும் இதய நோய், மூச்சுத்திணறல் உள்ளவர்கள் வேண்டாம். ஏறியவர் எடுத்த படங்களை அடுத்த கூட்டத்தில் திரையில் காட்டினால், ஏறாதவர்தான் எழுத்தை முதலில் படிப்பார். எத்தனையோ முறை அப்படி ஆகிறது.

குகைகளில் புதியவர்கள் எல்லோரும் குனிந்து கற்படுக்கைகளைப் பார்ப்பார்கள். எழுத்து பெரும்பாலும் தலைக்கு மேலே இருக்கும். மழைத்தண்ணீர் உள்ளே வழியாமல் இருக்கக் குகையின் நெற்றியில் ஒரு காடி வெட்டியிருப்பார்கள். அதை ஒட்டி மேலும் கீழும் தேடுங்கள்.

ஒரு காலைக்கு ஒரு மலை, அதற்கு மேல் வேண்டாம். 'ஒரே நாளில் ஐந்து இடம்' என்று நோட்டீஸ் போடுகிற பயணங்களில் வேன் சீட்டைத்தான் நன்றாகப் பார்க்க முடிகிறது.

பயண நாளுக்கான ஏற்பாடு

காலம்: மார்கழி, தை, மாசி. தை முதல் மூன்று நாள் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் சாலைகளை மறந்துவிடுங்கள். பங்குனியிலிருந்து வெயில் கல்லைச் சுட வைக்கும். சித்திரையில் மதுரையில் எந்த நிகழ்ச்சியும் வைக்க முடியாது. அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க எல்லோர் வீட்டுக்கும் சொந்தக்காரர்கள் வந்திருப்பார்கள். ஆடி, ஆவணி பேச்சுக்கூட்டங்களுக்கு நல்லது. ஐப்பசி, கார்த்திகை மழையில் பாறை வழுக்கும், மலை வேண்டாம்.

நேரம்: ஆறரைக்குக் கிளம்பி, பத்தரைக்குள் மலையிலிருந்து இறங்கிவிட வேண்டும். இது வெயிலுக்காக மட்டுமல்ல. சாய்ந்த காலை வெளிச்சத்தில்தான் தேய்ந்த எழுத்து தெரியும், உச்சி வெயிலில் கல் வெறுமையாக இருக்கும். குகைக்குள் டார்ச்சை எழுத்துக்கு நேராகப் பிடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் பள்ளத்தில் நிழல் விழும்.

கழிப்பறை. இதை எந்த அழைப்பிதழிலும் எழுத மாட்டார்கள், ஆனால் பெண்கள் வராமல் போவதற்கு முதல் காரணம் இதுதான். சர்க்கரை நோயாளிகளுக்கும் புராஸ்டேட் தொல்லை உள்ளவர்களுக்கும் இதே கவலைதான். எந்த ஹோட்டலில், எந்த பெட்ரோல் பங்கில் நிற்கப் போகிறோம் என்று முன்கூட்டியே பார்த்து, கிளம்பும்போதே எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுங்கள். வழியில்லாத இடத்துக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் திட்டம் போடாதீர்கள்.

பையில்: இரண்டு லிட்டர் தண்ணீர், மாத்திரைகள், கடலை மிட்டாய், தொப்பி, துண்டு, கைத்தடி, நோட்டு, பென்சில். செருப்பு வார் வைத்ததாக இருக்கட்டும். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர் வெறும் வயிற்றில் ஏறக் கூடாது, நாலு இட்லி சாப்பிட்டுவிட்டு ஏறுங்கள். சட்டைப் பையில் ஒரு சீட்டில் பெயர், வீட்டு எண், சாப்பிடும் மருந்து, ரத்த வகை. குரங்குகள் உள்ள மலையில் பிளாஸ்டிக் பை கையில் தெரியக் கூடாது. பாறை இடுக்கில் மலைத்தேனீ இருக்கும். ஊதுபத்தி, புகை, கல் எறிதல் எதுவும் வேண்டாம். கடைசி ஆளாக நடக்க ஒருவரை நியமித்துவிட்டால், யாரும் பின்தங்கித் தனியாக நிற்க நேராது.

மீனாட்சியம்மன் கோயிலுக்குள் செல்போன் கொண்டு போக முடியாது. படம் எடுக்க முடியாது என்பதால் அங்கே போகும்போது நோட்டுதான் துணை. ஒரு தூணை எடுத்துக்கொண்டு அதை வரைந்து பாருங்கள். வரையத் தெரியாவிட்டாலும், வரைய முயலும்போதுதான் கண் பார்க்கும்.

கை வைக்கக் கூடாதவை

எழுத்துத் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று சாக்பீஸ் தேய்ப்பது, மாவு பூசுவது, எண்ணெய் தடவுவது எதுவும் கூடாது. பழைய ஆட்கள் செய்திருக்கிறார்கள் என்பது காரணமாகாது. மைப்படி எடுப்பது, அதாவது கல்லில் தாளை ஒட்டி மையால் எழுத்தைப் பிரதி எடுப்பது, அனுமதியும் பயிற்சியும் உள்ளவர்களின் வேலை. பாதுகாக்கப்பட்ட சின்னங்களைச் சேதப்படுத்துவது மத்திய அரசின் 1958-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் மாநிலத்தின் 1966-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் குற்றம்.

வயலில் கறுப்பு சிவப்புப் பானையோடு கிடந்தால் எடுத்துப் பையில் போடாதீர்கள். இடத்திலிருந்து பிரிந்த ஓடு வெறும் ஓடுதான். கிடக்கிறபடியே படம் எடுங்கள், பக்கத்தில் அளவுக்கு ஒரு ஸ்கேல் வையுங்கள், இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். காசு, சிலை, நகை போல ஏதாவது கண்ணில் பட்டால் கிராம நிர்வாக அலுவலருக்கோ தாசில்தாருக்கோ தெரிவிக்க வேண்டும். புதையல் பற்றிய சட்டம் 1878-லிருந்து இருக்கிறது. 'வீட்டுக்குக் கொண்டுபோய் பத்திரமா வச்சிருந்தேன்' என்பது சட்டத்தின் முன் நிற்காது.

கிராமத்துக்குள் போனால் முதலில் பூசாரியையோ ஊர்ப் பெரியவரையோ பார்த்து, யார் எதற்கு வந்திருக்கிறோம் என்று சொல்லிவிடுங்கள். கிரானைட் குவாரிகளையும் சுரங்கத் திட்டங்களையும் பார்த்த மேலூர்ப் பக்கத்து மக்கள், கையில் டேப்போடு மலையைச் சுற்றுகிறவர்களைச் சந்தேகப்படுவதில் நியாயம் இருக்கிறது.

பேசப் பேசப் பதிவு செய்யுங்கள்

வட்டத்தில் சேர்ந்து அரை வருடம் ஆனதும், உங்களைவிட மூத்தவர் ஒருவரை உட்கார வைத்துப் பேசச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். செல்போன் போதும். ஃபேனை நிறுத்துங்கள், டிவியை நிறுத்துங்கள், ஒரு நேரத்தில் ஒருவரிடம் மட்டும் பேசுங்கள். பதிவு செய்யலாமா, யாருக்குக் காட்டலாம் என்று கேட்டு, அந்தச் சம்மதத்தையும் அவர் குரலிலேயே பதிவு செய்துகொள்ளுங்கள்.

"உங்க வாழ்க்கையப் பத்திச் சொல்லுங்க" என்று கேட்டால் இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுவார். "அய்யா, மில்லுக்குள்ள போனதும் மொத வேலை என்ன?" என்று கேளுங்கள். "வைகை அணை கட்டுறதுக்கு முன்னாடி ஆத்துல எந்த மாசம் வரைக்கும் தண்ணி ஓடும்?" என்று கேளுங்கள், அணை வந்தது 1959-இல், நினைவுள்ளவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கை செய்த வேலையைக் கேட்டால் சொல் தானாக வரும். இடையில் தேதி தவறாகச் சொன்னால் அப்போதே திருத்தாதீர்கள். முடிந்த பிறகு தனித் தாளில் குறித்துக்கொள்ளலாம்.

அம்மாக்களிடம் பேச வீட்டு வேலை ஓய்ந்த மத்தியான நேரத்தில், இன்னொரு பெண் உறுப்பினரோடு போங்கள். வீட்டு ஆண்கள் பக்கத்தில் உட்கார்ந்தால் பதிலை அவர்களே சொல்லிவிடுவார்கள்.

பக்கத்தில் வட்டம் இல்லையென்றால்

நாலைந்து பேர் போதும். காலை நடையில் பார்க்கிறவர்கள், பென்ஷனர் சங்கத்தில் பார்க்கிறவர்கள், இவர்களில் இருந்து தொடங்கலாம். இடத்துக்குக் கிளை நூலகத்தையோ பக்கத்துப் பள்ளியின் தலைமையாசிரியரையோ கேளுங்கள். ஊருக்குள் இருப்பவர்களுக்குப் புதுநத்தம் சாலையில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது, படித்துவிட்டு வந்து பேச அது வசதி. மாடி ஏற வேண்டிய கூடம் இலவசமாகவே கிடைத்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

முதல் வருடம் பெயர்ப்பலகை, லெட்டர்பேட், தலைவர், செயலாளர் எதுவும் வேண்டாம். பதவி வந்தால் தேர்தல் வரும், தேர்தல் வந்தால் இரண்டு வட்டம் ஆகும். தொடர்ந்து கூட்டம் நடந்து, பணம் கையாள வேண்டிய நிலை வந்த பிறகு, 1975-ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்வதைப் பற்றி யோசிக்கலாம். அதுவரை ஒரு நோட்டும் ஒரு டப்பாவும் போதும். வேன் வாடகையை வந்தவர்கள் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். கணக்கை இரண்டு பேர் பார்க்க வேண்டும், கூட்டத்தின் முடிவில் வாசிக்க வேண்டும். குடும்ப பென்ஷன் மட்டுமே வாங்குகிற அம்மாவால் பங்கு தர முடியாத மாதம் வரும். அதை யாரும் கேட்காமலே சரிக்கட்ட, ஒவ்வொரு முறையும் மீதியில் கொஞ்சம் டப்பாவில் நிற்கட்டும்.

சேர்ந்த படங்களையும் குரல்பதிவுகளையும் ஒருவர் செல்போனில் மட்டும் வைக்காதீர்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஹார்டு டிஸ்க் ஒன்றில் ஏற்றி, வருடத்துக்கு ஒருமுறை இன்னொரு பிரதி எடுத்து நூலகத்திலோ கல்லூரி வரலாற்றுத் துறையிலோ கொடுங்கள். கோப்புப் பெயரில் ஊர், பேசியவர், தேதி மூன்றும் இருக்கட்டும்.